எங்கள் ஹாக்கிப் பிள்ளைகளுக்குக் காசு வரும் வழிகள்

கோவில்பட்டியில் ஹாக்கி ஆடப் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த அரியலூர்க்காரர் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காக ஆடினார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் விடிவதற்கு முன்பே மைதானத்து வாசலில் வந்து நிற்கிறார்கள். தேட வேண்டியது காசை மட்டும்தான்.

நான் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கான ஹாக்கி கிளப்பில் பொருளாளர். மட்டை பிடித்து ஆடுகிற ஆள் இல்லை, கணக்கு நோட்டைப் பிடிக்கிற ஆள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் கபடி அணி தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "பிள்ளைங்க இருக்காங்க, கிரவுண்டு இருக்கு, கோச்சும் சம்பளம் வாங்காம வர்றாரு. காசுக்கு நீங்க என்ன செய்றீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கபடி, கைப்பந்து, கால்பந்து என்று யார் நடத்தினாலும் இதில் பாதியாவது உதவும்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. ஹாக்கி மட்டை ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும் வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மர மட்டை போதும். செயற்கைப் புல்தரையில் ஆடத் தொடங்கிவிட்டால் ஃபைபர் கலந்து செய்த காம்போசிட் மட்டை வேண்டும், அதன் விலை சில ஆயிரம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் கார்டு, பந்து, ஷூ. வெளியூர்ப் போட்டி என்றால் போக்குவரத்தும் சாப்பாடும். எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். பெற்றோரிடம் மாதச் சந்தா வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தோம். சந்தா வைத்தால், கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை ஒரு மாதம் தலைகாட்டாது, அடுத்த மாதம் அப்படியே நின்றுவிடும். நன்றாக ஆடுகிற பிள்ளையை 100 ரூபாய்க்காக இழக்க எனக்கு மனசு வராது.

இணையத்தில் தேடினால் நிதி திரட்ட ஐம்பது யோசனை கிடைக்கிறது. கார் கழுவிக் கொடுங்கள், கேக் செய்து விற்பனை செய்யுங்கள், பரிசுச் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்துங்கள் என்று. அவை அந்தந்த ஊரில் நடக்கும். நம் ஊரில் ஜனங்கள் கொடுக்காமல் இல்லை. கோவிலுக்குக் கொடுக்கிறார்கள், அன்னதானத்துக்குக் கொடுக்கிறார்கள், தாத்தா நினைவு நாளுக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் யாரும் எழுந்து வருவதில்லை. கொடுக்கிற பழக்கம் ஏற்கெனவே ஓடுகிற வழியில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் நான் இத்தனை காலத்தில் தெரிந்துகொண்டது. புது வழி வெட்டத் தேவையே இல்லை.

எங்களுக்கு நிலையாகக் கைகொடுப்பது முட்டை உபயம். காலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி சுண்டல். 40 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 ரூபாய் ஆகிறது. எங்கள் செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மண்டகப்படிதாரர் இருப்பார். அன்றைய செலவு அவர்களுடையது, அன்றைய பெருமையும் அவர்களுடையது. அதே ஏற்பாட்டை மைதானத்துக்குக் கொண்டுவந்தோம். ஆண்டு முழுவதுக்குமான தேதிகளை ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு என் அச்சகத்திலேயே அடித்தேன். பிறந்த நாள், கல்யாண நாள், நினைவு நாள் என்று எந்த நாள் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

750 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சுமை இல்லை. 5,000 கேட்டால் யோசிப்பவர்கள்கூட இதற்கு உடனே சரி என்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தத் தேதி அடுத்த வருடமும் வரும். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி போய்க் கேட்கிற சங்கடம் நமக்கு இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் நினைவுபடுத்தினால் போதும். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, வீட்டுக்காரர் நினைவு நாளைத் தரலாம் என்று சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக சாப்பிடுறத நான் வந்து பாக்கலாமாய்யா?" என்பதுதான். "வந்து உங்க கையாலயே கொடுங்க ஆச்சி" என்றேன். வந்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் பேர் கேட்டு, எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டு, கொடுத்தார். ரைட் அவுட் என்றால் என்ன என்று ஒரு பையன் மண்ணில் கோடு போட்டு அவருக்கு விளக்கினான். அடுத்த முறை தங்கச்சியையும் கூட்டி வந்தார், அவரும் ஒரு நாளை எழுதிக்கொண்டார். கொடுப்பவர் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதை நாங்கள் வற்புறுத்துவதில்லை, ஆனால் ஆசையோடு கூப்பிடுகிறோம். பிள்ளைகள் ஆடுவதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தவர் அப்புறம் கிளப்பை விட்டுப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் முதலில் நிரம்பும். மார்கழி காலியாகக் கிடக்கும். விடியற்குளிரில் பிள்ளைகளுக்குச் சூடாக ஏதாவது கொடுத்தால் நல்லது என்று மார்கழிக்கு மட்டும் பால் சேர்த்தோம். கோவிலுக்குப் போய்விட்டு அந்த வழியாக வருகிறவர்களே பாதி நாட்களை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது காலண்டர். இதை நான் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம், என் தொழில் அது. பக்கத்திலேயே சிவகாசி. ஆடிப்பெருக்கு அன்று அங்கே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். கிளப்புக்கு நான் சொல்வது தினசரி காலண்டர் இல்லை, 12 தாள் மாதக் காலண்டர். மாதம் ஒரு படம், மாதம் ஒரு கடை. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகக் கடைக்கு, அக்டோபர் இனிப்புக் கடைக்கு, ஜனவரி ஜவுளிக் கடைக்கு என்று மாதத்தையும் தொழிலையும் சேர்த்துக் கேட்டால் கடைக்காரர் முகமே மலர்கிறது. கடைக்கு 1,000 ரூபாய். 300 பிரதி அடித்ததில் அந்த 12,000 அச்சுச் செலவுக்குச் சரியாகப் போனது. பிரதி 80 ரூபாய்க்கு விற்றது முழுவதும் கிளப்புக்கு. மாதக் காலண்டரை வீட்டுப் பெண்கள் அடுக்களையில் மாட்டுவார்கள், பால் கணக்கு எழுத, சிலிண்டர் வந்த தேதி குறிக்க. பிள்ளைகள் படம் வருடம் முழுக்க அங்கே இருக்கும். பிள்ளைகள் படத்தைப் போடும் முன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள், பேரோடு வீட்டு முகவரியோ பள்ளியோ போடாதீர்கள்.

காலத்தை மட்டும் தவற விடக்கூடாது. ஆவணிக்குள் கடைகளை உறுதி செய்து, தீபாவளிக்கு முன்பே அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் எந்த அச்சகத்துக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. நான் உட்பட யாரும் உங்களுக்காக மெஷினை நிறுத்திக் காத்திருக்க முடியாது.

போட்டி நடத்துவது பற்றி எல்லோருக்கும் தெரியும். பொங்கலுக்குக் கபடிப் போட்டி நோட்டீஸ் பார்க்காதவர் யார்? முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், கோப்பை வழங்குபவர் என்று அதிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் பல கிளப்புகள் பெரிய பரிசுத் தொகை அறிவித்துவிட்டு, வசூலான பணம் எல்லாம் பரிசாகப் போய்க் கடனோடு நிற்கின்றன. நாங்கள் செய்வது ஐவர் ஹாக்கி. சின்ன இடம் போதும், ஆட்டம் சீக்கிரம் முடியும், ஒரே நாளில் எல்லாவற்றையும் நடத்திவிடலாம். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் இதற்கு உலகக் கோப்பையே நடந்தது, அதனால் பிள்ளைகளுக்கும் இது சும்மா பொழுதுபோக்கு ஆட்டம் என்ற எண்ணம் இல்லை. பரிசு பணமாகக் கிடையாது. கோப்பையும், வென்ற அணிக்கு ஆளுக்கொரு மட்டையும்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு உபயதாரர். ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, அவரையே வீரர்களுக்குக் கைகொடுக்க வைக்கிறோம். டீயும் வடையும் பெற்றோர் குழு பார்த்துக்கொள்கிறது. அந்த லாபம் தனிக் கணக்காக வெளியூர்ப் பயணத்துக்கு.

இதில் எதிர்பார்க்காமல் நன்றாக வந்தது 40 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டம். எங்கள் ஊரில் ஹாக்கி ஆடி, அந்தத் தகுதியில் ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று வேலைக்குப் போனவர்கள் நிறைய. ஆளுக்கு 500 ரூபாய் கட்டணம் வைத்துக் கூப்பிட்டோம். மதுரை, சென்னை, திருச்சியிலிருந்து வந்தார்கள். அரை மணி நேரம் ஆடிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவர்கள், அன்று சாயங்காலத்துக்குள் தங்களுக்குள்ளேயே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள். இன்று அந்தக் குழுவிலிருந்து மாதம் 200, 300 என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வந்த சில நாளில், பத்தாம் தேதிக்குள், போன மாதக் கணக்கையும் ஒரு ஆட்டத்தின் வீடியோவையும் போடுவேன். அதற்கு மேல் யாரிடமும் கேட்பதில்லை. பழைய மட்டைகளையும் அவர்கள் அனுப்புகிறார்கள். கிரிப் மாற்றிச் சுற்றினால் பயிற்சிக்கு நன்றாக உழைக்கும்.

கடலைமிட்டாயைச் சொல்லாமல் கோவில்பட்டிக்காரன் எப்படி முடிப்பது? 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர் அணிகள் வந்தால் வாங்காமல் போவதில்லை. நாங்களே கிண்டி விற்கலாம் என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாமல் பாக்கெட் போட்டு விற்கக்கூடாது. உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் மொத்த விலைக்கு எடுத்து, கிளப் பெயர் அச்சிட்ட துணிப்பையில் போட்டுப் போட்டி நாட்களில் விற்கிறோம். பெரிய தொகை இல்லை, பந்துச் செலவுக்கு ஆகும்.

செய்யக்கூடாது என்று நாங்கள் வைத்திருப்பவையும் உண்டு. பிள்ளைகள் கையில் உண்டியலைக் கொடுத்துக் கடை கடையாக அனுப்புவதில்லை. பெரியவர்கள் கேட்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். "ஏழை மாணவர்களுக்கு உதவுங்கள்" என்று நோட்டீஸில் போடுவதில்லை. அந்த நோட்டீஸை அந்தப் பிள்ளையும் படிக்கும், அதன் வகுப்பில் இருப்பவர்களும் படிப்பார்கள். அவர்கள் ஹாக்கி வீரர்கள். அப்படியே எழுதுங்கள்.

குலுக்கல் சீட்டு வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்று டிக்கெட் அடித்து விற்றால் வழக்கில் சிக்கலாம். டிக்கெட் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதே மாதிரிதான் தீபாவளிச் சீட்டும், உரிமம் இல்லாமல் பட்டாசு வாங்கி விற்பதும். கட்சிக்காரர்கள் எந்தக் கட்சியானாலும் கோப்பை கொடுக்கலாம், மேடையில் உட்காரலாம். பிள்ளைகள் போடுகிற பனியனில் மட்டும் கட்சிப் படமோ நிறமோ கூடாது.

காகித வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதிவு செய்யலாம். பதிவு, சங்கத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. இவை இல்லாமல் தலைவருடைய சொந்த கூகுள் பே எண்ணில் பணம் வாங்கத் தொடங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒரு நாள் பேச்சு வரும். கணக்கின் கியூஆர் அட்டை மைதானத்தில் தொங்கட்டும். நன்கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை கிடைக்க 80ஜி என்று எல்லோரும் சொல்லும் அனுமதி வேண்டும். அது இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை கிடையாது என்பதைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) நம் மாதிரி கிளப்புக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே கிராமப்புற விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி இருக்கிறது. ஹாக்கி அதில் அடங்கும். ஆனால் கிளப்பே நேரடியாக அந்தப் பணத்தை வாங்க வேண்டுமென்றால் வருமானவரிப் பதிவுகளும், சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால், அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் வாங்கக்கூடாது. அவர் பாசத்தோடு கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

வேலி, விளக்கு, கழிப்பறை போன்ற வேலைகளுக்கு நன்கொடை திரட்டிக் களைத்துப்போக வேண்டாம். மைதானம் அரசு இடமாக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் கழிப்பறைதான் முதல் தேவை, மட்டைகூட அப்புறம்தான். கிராமத்தில் கிளப் நடத்துகிறவர்கள் ஊராட்சியிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்கள் கொடுத்திருக்கிறார்கள். பீரோவில் பூட்டி வைத்திருந்தால் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கணக்கு விஷயத்தில் நான் கறார். எண் போட்ட ரசீது, பத்து ரூபாயானாலும். மாதம் முடிந்ததும் வரவு செலவை ஒரு தாளில் அச்சடித்து மைதானத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன். டீ செலவு உட்பட எல்லாம் அதில் இருக்கும். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கிளப்பிலேயே சிலர் கேட்டார்கள். படிக்கிறார்கள். வாழைப்பழ விலை போன மாதத்தைவிட ஏன் கூடியிருக்கிறது என்று ஒரு அப்பா கேட்டார், மறுநாளே அவருக்குத் தெரிந்த மண்டியிலிருந்து தார் கணக்கில் வாங்க ஏற்பாடு செய்து கொடுத்தார்.

இப்போது பெண்கள் அணிக்குக் கோல் கீப்பர் கிட் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஹாக்கியில் அதிக விலை இதற்குத்தான். மொத்தமாகக் கேட்டால் தொகையைக் கேட்டதுமே ஆள் பின்வாங்குவார். அதனால் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, கோல் கீப்பர் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பாகத்துக்கு ஆள் கிடைத்ததோ அந்தப் பாகத்தைப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிறார்கள். ஷூவுக்கு மேல் மாட்டுகிற கிக்கர் இரண்டும் ஒரு ரைஸ்மில்காரர், கையுறை முன்னாள் வீரர் ஒருவர், நெஞ்சுக் கவசம் ஒரு டியூஷன் ஆசிரியையும் அவர் மாணவர்களும் சேர்ந்து. ஹெல்மெட்டும் லெக் கார்டும் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன. ஹெல்மெட்டுக்குக் கண்ணாடிக் கடை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.